வெள்ளையைத் தொடாத பற்கள்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், விடுதி அறையில் ஒலிநாடா தேயத் தேய நாம் கேட்ட, 'குயீன்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரிதான். இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் அவரை வரைந்துகொண்டிருக்கிறேன்.

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 'லைவ் எய்டு' என்ற பஞ்ச நிவாரண இசை நிகழ்ச்சியில் பாடிய கோலத்தையே எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பனியன், மேல்கையில் உலோகக் குமிழ் பதித்த பட்டை, அடிப்பாகம் இல்லாத அந்த அரை மைக் கம்பி எல்லாம் நான்கே நாளில் கைக்கு அடங்கிவிட்டன. வாய்தான் அடங்கவில்லை.

கூடுதலாக முளைத்த நான்கு பற்கள் அவருடைய முன்பற்களை வெளியே தள்ளியிருந்ததும், சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று அஞ்சி அவர் கடைசிவரை அவற்றை அப்படியே விட்டுவிட்டதும் உனக்குத் தெரியும். சிறுவயதில் அவர் படித்த, மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியிலேயே அதை வைத்துப் பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். பேட்டிகளில் சிரிப்பு வந்தால் மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வார், இல்லையென்றால் கை தானாக வாய்க்குப் போகும். பாடும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகுமோ தெரியாது.

முதலில் டைட்டானியம் வெள்ளையை எடுத்து ஒவ்வொரு பல்லையும் கோடு பிரித்து வரைந்தேன். சோளக்கதிர் போல் ஆயிற்று. "பல் டாக்டர் வாசலில் மாட்டவா?" என்று கேட்டாள் என் மனைவி. அதைச் சுரண்டிவிட்டு, அபிமானத்தால் பற்களைச் சற்றே உள்ளே தள்ளி வரைந்தேன். மீசை வைத்த யாரோ ஒருவர் வந்து நின்றார். மூன்றாம் முறை வெள்ளையைப் பனியனோடு நிறுத்திக்கொண்டு, காவி மஞ்சளில் சாம்பல் கலந்து வரிசை முழுவதையும் ஒரே திரளாக வைத்து, மீசையின் நிழல் விழும் மேற்பகுதியை இருட்டாக்கி, முன்னிரண்டு பற்களின் விளிம்பில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் கொடுத்தேன். அந்தப் பற்களின் நிழல் கீழுதட்டில் விழுந்த பிறகே ஆள் வந்தார்.

அவரும் நம்மைப் போல் ஓவியம் படித்தவர் என்பதை இந்த நாள்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். லண்டன் ஈலிங் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை அலுக்காமல் வரைந்தவர். குயீன் குழுவின் சின்னமும் அவர் வரைந்ததுதான். சிங்கமும் நண்டும் தேவதைகளும் நெருக்கியடிக்கும் அதைவிட, ஒரு ரசிகனாக அவர் தீட்டிய அந்த ஹென்ட்ரிக்ஸ் முகங்களே எனக்கு உயர்வாகப் படுகின்றன.

கண்களில் இன்னும் கைவைக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன்னிடமுள்ள அந்தப் பழைய நாடாவையும் எடுத்து வா. நீ பார்த்த பிறகு வரைகிறேன்.

அன்புடன்,
முரளி