தங்க ஆந்தையைப் புதைத்தவர்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு புத்தகத்தில் இருக்கும் புதிர்களை விடுவித்துத் தேட வேண்டிய பிரான்சின் தங்க ஆந்தைப் புதையல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு கூட்டமே தேடி அலைந்த பிறகு, 2024 அக்டோபர் 3ஆம் தேதி 'ஆந்தை கிடைத்துவிட்டது, இனி யாரும் தோண்டப் போகாதீர்கள்' என்று அறிவிப்பு வந்ததை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு இரண்டே வரி. அதிலும் 'வாசகர்களை அலைக்கழித்தவர்' என்று ஒரு குட்டு. அந்தக் குட்டு நியாயமில்லை என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

எழுதியவர் 'மாக்ஸ் வாலந்தன்' என்ற புனைபெயரில் இருந்தவர். நிஜப் பெயர் ரெஜிஸ் ஹவுசர். 1993 ஏப்ரலில் ஒரு நாள், ஊர் அடங்கிய பின்னிரவில் போய் வெண்கல ஆந்தை ஒன்றைப் புதைத்துவிட்டு வந்தார். அதைத் தோண்டி எடுத்து வருபவருக்குத் தங்கமும் வெள்ளியும் வைரமும் சேர்த்துச் செய்த அசல் ஆந்தை பரிசு. புத்தகத்துக்கு ஓவியம் வரைந்து, அந்த ஆந்தையையும் வடித்த மிஷல் பெக்கரிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு ரகசியம்? இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும். கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1979இல் 'மாஸ்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். தங்க முயல் ஒன்றைச் செய்து, பாம்பர் காஸ்காயின் என்ற தொலைக்காட்சிப் பிரபலத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஆம்ப்டில் பூங்காவில் புதைத்தார். புதிர் அபாரமானது. ஓவியத்தில் இருக்கும் ஒவ்வொரு உருவத்தின் கண்ணிலிருந்தும் கைவிரல், கால்விரல் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது ஓரச் சட்டகத்தில் இருக்கும் ஓர் எழுத்தில் போய் முட்டும். எழுத்துகளைக் கூட்டினால் இடம் தெரியும். அங்கே ஒரு நினைவுச் சிலுவை உண்டு. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், உச்சிவேளையில் அதன் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே தோண்ட வேண்டும். வட இங்கிலாந்தின் இயற்பியல் ஆசிரியர்கள் இருவர் இதை முறையாகவே விடுவித்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 1982இல் முயலைக் கொண்டுபோனவர் 'கென் தாமஸ்' என்ற பொய்ப் பெயரில் வந்த வேறொருவர். அவர் புதிரை விடுவிக்கவே இல்லை. வில்லியம்ஸின் முன்னாள் தோழி வழியாகத் துப்பு கிடைத்து வந்தவர் என்பதை 1988இல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. அந்த முயலைக் காட்டி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனம் நடத்தி, அது நொடித்து, கடைசியில் முயல் ஏலத்தில் 31,900 பவுண்டுக்குப் போனது தனிக் கூத்து. வில்லியம்ஸோ கூட்டத்தின் தொல்லை தாங்காமல் ஒதுங்கியே போய்விட்டார்.

இதைப் பார்த்த பிறகும் ஒருவர் தன் பெயரையும் ஊரையும் போட்டுப் புதையல் புத்தகம் எழுதினால்தான் ஆச்சரியம். அதற்காக ஹவுசர் வாசகர்களைக் கைவிட்டுவிட்டு ஓடவும் இல்லை. மினிடெல் என்று தொலைபேசிக் கம்பியில் இயங்கும் சின்னத் திரைப் பெட்டி அப்போது பிரெஞ்சு வீடுகளில் இருந்தது. அதன் வழியாக வந்த கேள்விகளுக்கு வருடக்கணக்கில் உட்கார்ந்து பதில் எழுதினார். அந்தப் பதில்களையே தேடியவர்கள் வேதம் போல வரிவரியாக அலசினார்கள். புதிர்களின் தலையில் 530, 780, 470 என்றெல்லாம் எண்கள் இருக்கும்; எல்லாம் ஒளியின் அலைநீளங்கள். எந்தப் புதிரை முதலில் படிப்பது என்பதே ஒரு புதிர். இத்தனை யோசித்தவரை 'அலைக்கழித்தவர்' என்றால் எப்படி?

அவரிடம் எனக்கு இருக்கும் குறை வேறு. 2009இல் அவர் இறந்தபோது விடை குடும்பத்தாரிடம் தங்கிவிட்டது. பதிப்பகம் திவாலாகி, அசல் ஆந்தை ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருந்தது. ஆட்டத்தை நடத்த ஆள் இல்லை. பல வருடம் கழித்து விடையைக் கையில் வாங்கிக்கொண்டு பெக்கர் போய்த் தோண்டினால், வெண்கல ஆந்தைக்குப் பதில் துருப்பிடித்த ஓர் இரும்புப் பறவை! அவரே புதிதாக ஒரு வெண்கல ஆந்தையை அங்கே வைக்க வேண்டியதாயிற்று. தேடியவர்களில் பலருக்கு அதிலிருந்தே நம்பிக்கை போயிற்று. யாரிடமும் சொல்லாமல் ஒளிந்திருக்கலாம், சரி. தனக்குப் பின்னால் ஆட்டத்தை யார் நடத்துவது என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி, ஒரு வக்கீலிடமாவது ஒப்படைத்திருக்க வேண்டாமா?

இந்த விஷயத்தில் அவரைவிட மோசம் அமெரிக்காவின் பைரன் பிரைஸ். 1982இல் வந்த 'தி சீக்ரெட்' என்ற புதையல் புத்தகம் அவருடையது: 12 ஓவியம், 12 பாட்டு, வட அமெரிக்க மண்ணில் 12 பீங்கான் பேழைகள். ஒவ்வொன்றையும் கண்டெடுப்பவருக்கு ஒரு ரத்தினம் பரிசு. 1983இல் சிகாகோவிலும் 2004இல் கிளீவ்லாந்திலும் ஒவ்வொரு பேழை கிடைத்தது. 2005இல் பிரைஸ் சாலை விபத்தில் இறந்துபோனார். விடைகளை எழுதி வைத்த காகிதம் எதுவும் வெளிவரவில்லை. 2019இல் பாஸ்டனில் ஒரு பூங்காவில் கட்டுமான வேலைக்காகத் தோண்டும்போது மூன்றாவது கிடைத்தது. பிரைஸின் குடும்பத்தார் பெருந்தன்மையோடு ரத்தினத்தைக் கொடுத்தார்கள். மீதிப் பேழைகள் கிடக்கும் இடங்களில் இந்த நாற்பது வருடத்தில் எத்தனை கட்டடம் எழும்பியதோ, எத்தனை வாகன நிறுத்தம் வந்ததோ!

அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பை நானும் பழைய புத்தகம் விற்கும் தளங்களில் துரத்திப் பார்த்தேன். கேட்ட விலைக்கு வீட்டில் சண்டை வரும் என்று விட்டுவிட்டு மறுபதிப்போடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

பிரைஸைப் பற்றியும் நீங்கள் ஒரு கட்டுரை போட வேண்டும். போட்டால் ஜான் ஜூட் பாலென்கார் வரைந்த ஓவியங்களில் இரண்டையாவது முழுப் பக்கத்தில், வண்ணத்தில் போடுங்கள். ஆந்தைக் கட்டுரைக்குப் போட்ட மாதிரி தபால்தலை அளவில் போட்டால், ஒளித்து வைத்த துப்பு யார் கண்ணிலும் படாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கும்பகோணம்