பட்டன் டப்பா வச்சிருந்த அம்மாவுக்கும் அவங்க சபைக்கும்

நன்றின்னு ஒரு வார்த்தைய எழுதி வச்சுட்டு நாலு நாளா அதுக்கு மேல ஒண்ணும் எழுத வரல. இன்னைக்கு எப்படியாவது முடிச்சுடணும்னு உக்காந்திருக்கேன். வெள்ளத்துல எங்க வீட்டுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அத திரும்ப சொல்ற தெம்பு எனக்கு இன்னும் வரல, விட்டுடறேன்.

சேறு அள்ளின தம்பிங்க, ஈரச் சுவத்த சொரண்டி மருந்தடிச்சவங்க, வேளை தவறாம சாப்பாடு கொண்டாந்தவங்க, அப்பாவோட மருந்துச் சீட்டு நனைஞ்சு போனப்ப டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் மாத்தி மாத்தி போன் போட்ட பாஸ்டர், பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ் நண்பர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க, அன்னைக்கு இருந்த நெலமைல பாதி முகம் மனசுல பதியவே இல்ல.

ஒரு முகம் மட்டும் நல்லா பதிஞ்சிருக்கு.

துணி துவைச்சுக் குடுத்த குழுவுல ஒரு பெரியம்மா இருந்தாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும். சேத்து நாத்தத்தோட ரெண்டு மூட்டை அள்ளிட்டுப் போனாங்க, மறுநாள் சாயங்காலம் மடிச்சு அடுக்கி திரும்ப வந்துச்சு. நான் வாங்கி ஓரமா வச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டேன். அப்பாதான் கவனிச்சார். அவரோட வெளிர் நீலச் சட்டைல மேல இருந்து மூணாவது பட்டன் ரொம்ப நாளாவே கெடையாது. அம்மா இருந்தவரைக்கும் இதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க, அப்புறம் நாங்க யாரும் கண்டுக்கல. அந்த எடத்துல இப்ப ஒரு பட்டன் இருந்துச்சு. நெறம் கொஞ்சம் வேற, ஆனா நாலு ஓட்டைலயும் குறுக்கா நூல் விட்டு, அடியில நூலச் சுத்தி இறுக்கி முடிச்சு போட்டு, அவ்ளோ பொறுமையா தைச்சிருந்தாங்க. அப்பா ரெண்டு நாளா சரியா பேசவே இல்ல, அந்த பட்டன தடவிக்கிட்டே ‘யாரு தைச்சது’ன்னு கேட்டார். எனக்கு அங்கயே ஒடைஞ்சு போச்சு.

அடுத்த நாள் அந்தம்மாகிட்ட போய் கேட்டேன். பைக்குள்ள இருந்து ஒரு டப்பாவ எடுத்து தெறந்து காட்டுனாங்க, உள்ள முழுக்க பட்டன். பழைய சட்டைய தொடைக்கிற துணியா கிழிக்கிறதுக்கு முன்னாடி பட்டன மட்டும் அறுத்து வச்சுடுவாங்களாம், பல வருஷப் பழக்கமாம். யாருக்குன்னு தெரியாது, ஆனா யாருக்காவது வேணும்ல, அப்படின்னாங்க.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் யாரு செலவு பண்றாங்கன்னும் கேட்டேன். அப்பதான் தெரிஞ்சது, அவங்க வேற ஊர் சபையாம், பாப்டிஸ்ட்டுங்கற கிறிஸ்தவப் பிரிவாம், மொத்தமே அறுபது பேராம். பாப்டிஸ்ட் சபைங்கள்ல மேல இருந்து உத்தரவு போட ஆள் கெடையாது, ஒவ்வொரு சபையும் தனி, சபை மக்களே கூட்டம் போட்டு ஓட்டெடுத்து முடிவு பண்ணிக்குவாங்க. அப்படி முடிவு பண்ணித்தான் காணிக்கைல ஒரு பங்க நாட்டுக்கே பொதுவான நிதிக்கு அனுப்புறாங்க. அறுபது பேரால தனியா ஒரு மிஷனரிய தாங்க முடியாது, துணி துவைக்கிற வண்டி வாங்க முடியாது, எல்லா சபையும் சேந்தா முடியுது. அமெரிக்காவுல தெற்கத்தி பாப்டிஸ்ட்காரங்க 1925ல இதுக்குன்னே ஒரு கூட்டுறவுத் திட்டம் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊழிய அமைப்பும் தனித்தனியா சபை சபையா ஏறி எறங்கி காசு கேக்கணும்.

அந்தம்மா சொல்லித்தான் இன்னொரு கதையும் தெரிஞ்சது, அப்புறம் நானே தேடிப் படிச்சேன். 1792 அக்டோபர் 2, இங்கிலாந்துல கெட்டரிங்னு ஒரு ஊர்ல ஒரு விதவையோட வீட்டுல சில பேர் கூடி பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்த ஆரம்பிக்கிறாங்க. அன்னைக்கு தர்றதா ஒத்துக்கிட்ட மொத்தத் தொகை 13 பவுண்ட் 2 ஷில்லிங் 6 பென்ஸ். தொகைய எழுதிக் குடுத்த சீட்டுங்கள ஒரு மூக்குப்பொடி டப்பாவுல போட்டு வாங்கினாங்களாம். அந்தக் கூட்டத்துல செருப்பு தைச்சு பொழச்ச வில்லியம் கேரியும் இருந்தார், அடுத்த வருஷமே வங்காளத்துக்கு கெளம்பிட்டார், 1834ல சாகுற வரைக்கும் ஊருக்குத் திரும்பவே இல்ல. எல்லாரும் கேரியப் பத்திதான் பேசுறோம். எனக்கு இப்ப அந்த டப்பாவுல சீட்டு போட்டவங்கதான் ஞாபகத்துலயே நிக்கிறாங்க.

ஏன்னா எங்க வீட்டுக்கு வந்த ஒதவியும் அப்படித்தான வந்திருக்கு. எங்களுக்கு இப்படி ஆகும்னு எங்களுக்கே தெரியாத ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க பேர் கூட தெரியாத யாரோ காணிக்கைப் பையில கைய விட்டு போட்ட காசு அது. அத நெனச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, ஆனா கஷ்டத்துல இல்ல. நாங்க உங்க சபை இல்ல, அத யாரும் கேக்கவும் இல்ல.

சம்பளம் வந்தவுடனே மொத வேலையா ஒரு தொகைய எடுத்து வைக்கிறதுன்னு நானும் அப்பாவும் முடிவு பண்ணியிருக்கோம். இப்போதைக்கு சின்னத் தொகைதான், வீடு நிமிர்ந்ததும் கூட்டுவோம். அது உங்க நிதிக்கே வரும், யாருக்குப் போச்சுன்னு கேக்க மாட்டோம்.

அப்புறம் அம்மா, உங்க குழுவோட வாளி ரெண்டு எங்க வீட்டுலயே தங்கிடுச்சு. கழுவி கவுத்து வச்சிருக்கேன். வாங்க வரும்போது நீங்களும் கூட வாங்க, அப்பா அந்தச் சட்டைய போட்டுக்கிட்டு காத்திருப்பார்.