மெதுவாய்த்தான் போறம், பெரியண்ணா

ஸ்காபரோ,
யூன் 15

அன்புள்ள பெரியண்ணா,

நாங்கள் இஞ்ச சுகம். அம்மாவும் மச்சாளும் பிள்ளையளும் நீங்களும் சுகமாயிருக்க கோணேசப் பெருமானை வேண்டுறன். தை மாசம் நீங்கள் போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதுறன். போனில கதைக்கிறம்தானே எண்டு தள்ளித் தள்ளி ஆறு மாசம் போட்டுது, கோவிக்காதேங்கோ. போனில அம்மா அழத் தொடங்கினால் எனக்குக் கதை வராது. நீங்கள் ஆறுதலாய் இருந்து இதை அவவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.

ட்ரெயிலர் வீட்டை வாகனத்தில கொழுவி இழுத்துக்கொண்டு, ரெண்டு நாயையும் ஏத்திக்கொண்டு வின்னிபெக்குக்குக் குஞ்சுவிட்டப் போறியளாம், வழியில கழண்டால் என்ன செய்வியள் எண்டு அம்மா கேட்டவ. நீங்களும் எப்பிடிப் பூட்டுறது எண்டு விபரமாய் எழுதச் சொன்னனீங்கள். யூலை 18 வெளிக்கிடுறம். எல்லாத்தையும் எழுதுறன்.

உங்கட லாண்ட்மாஸ்ரர் கை உழவு மெசினுக்குப் பெட்டி பூட்ட ஒரு பின் காணும். இஞ்ச அப்பிடியில்லை. வாகனத்துக்குப் பின்னால 2 அங்குல இரும்புப் பந்து இருக்கு. ட்ரெயிலரின்ர மூக்கு அதுக்கு மேல கவிழ்ந்து உட்காரும். மூடினாப் பிறகு பூட்டுக்கு ஒரு பின் போடவேணும். பூட்டு சரியாய் விழுந்துதோ எண்டு கண்ணால பார்த்தால் தெரியாது. மூக்கில இருக்கிற ஜக்கைச் சுத்தி மேல உயர்த்திப் பார்க்கவேணும். வாகனத்தின்ர பின்பக்கமும் சேர்ந்து கிளம்பினால் பிடிச்சிட்டுது, மூக்கு மட்டும் கிளம்பினால் பிடிக்கேல்லை. அதுக்குப் பிறகு ரெண்டு சங்கிலி, ஒண்டுக்குக் கீழால ஒண்டை மாறிக் குறுக்காய்ப் போடுறது. பந்து கழண்டாலும் மூக்கு றோட்டில குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில விழும். அதுவும் அறுந்தால் வாகனத்தோட கட்டின மெல்லிய கம்பியொண்டு இழுபட்டு ஒரு சுவிச்சைத் திறக்கும், ட்ரெயிலரின்ர பற்றறியில ட்ரெயிலரே பிறேக் போட்டு நிண்டிடும். அதால அந்தப் பற்றறி செத்துப்போய் இருக்கக்கூடாது. வெளிக்கிட முன்னம் அந்தக் கம்பியை இழுத்து, வாகனத்தை மெல்ல நகர்த்தி, சில்லு இறுகுதோ எண்டு நான்தான் பார்க்கிறனான். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ. ட்ரெயிலர் 1,360 கிலோவுக்கு மேல போனால் அதுக்குத் தனிப் பிறேக் வேணும் எண்டது ஒன்ராறியோவில சட்டம். எங்கடது சாமானோட 1,600 கிலோ வரும்.

கழருறதைவிட ஆடுறதுதான் பயம். நெல்லு மூட்டையைப் பெட்டிக்குப் பின்பக்கம் கூட அடுக்கினால் லாண்ட்மாஸ்ரரின்ர கைபிடி மேல கிளம்புமே, அதே கணக்குத்தான். ட்ரெயிலரின்ர மொத்தப் பாரத்தில நூற்றுக்குப் 10 இலயிருந்து 15 பங்கு மூக்கில இருக்கவேணும், எங்களுக்கு 160 இலயிருந்து 240 கிலோ. அதுக்குக் குறைஞ்சால் பெரிய லொறி பக்கத்தால போற காத்துக்கே வால் ஆடத் தொடங்கும். அரிசி மூட்டை, ரின் மீன், தண்ணி எல்லாம் அச்சுக்கு மேல இல்லாட்டி கொஞ்சம் முன்னால. சைக்கிளைப் பின்னால கட்டுவம் எண்டு இவர் நிண்டவர், நான் விடேல்லை. ஆடத் தொடங்கினால் வாகனத்தின்ர பிறேக்கை மிதிக்கக்கூடாது. காலை எடுத்து, ஸ்ரேரிங்கை நேராய்ப் பிடிச்சு, ட்ரெயிலர் பிறேக்கை மட்டும் கையால அமத்தவேணும். பின்னால பிடிச்சு இழுத்தால் நேராகும், முன்னால நிப்பாட்டினால் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

ரயர் விசயத்தில நீங்கள் சொல்லித் தந்தது இஞ்சயும் சரி. ட்ரெயிலர் ரயர் தேயிறதாலயில்லை, வயசாலதான் போகும். பூ நல்லாயிருந்தாலும் ஐஞ்சாறு வருசத்தில மாத்தவேணும். காத்துக் குறைஞ்சால் பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடேறி வெடிக்கும், அதால விடிய, சில்லு குளிராய் இருக்கேக்கதான் காத்துப் பார்க்கிறது. சில்லுக் கழட்டிப் பூட்டினால் 80 கிலோமீற்றர் ஓடி நிப்பாட்டி நட்டுகளைத் திரும்ப இறுக்கவேணும். ஒவ்வொரு தரிப்பிலயும் சில்லுக் குடத்தில புறங்கையை வைச்சுப் பார்க்கிறன். ஒண்டு மட்டும் மற்றதைவிடக் கூடச் சுட்டால் பேரிங்கில கிறீஸ் இல்லை, இல்லாட்டிப் பிறேக் ஒட்டிக்கொண்டு நிக்குது.

இதெல்லாம் பக்கத்து வீட்டுப் போலந்துக் கிழவர் சொல்லித் தந்தது. தனி மனிசன், 80 வயசுக்கு மேல. நாங்கள் நட்டு இறுக்கேக்க தன்ர யன்னலடியில நிண்டு, அளவாய் இறுகினதும் சாவி "கிளிக்" எண்டு சொல்லுறதை எண்ணுவார். ஒரு சில்லுக்கு ஐஞ்சு கேக்காட்டி வெளியில வந்து நிப்பார். ஒரு நாளும் வீட்டுக்குள்ள வரமாட்டார், நான் குடுக்கிற வடையை வேலிக்கு மேலால வாங்குவார். பனிக்காலத்தில எங்கட வாசல் பனியையும் சேர்த்து வழிச்சுவிடுறது அவர்தான்.

பனி எண்டதும் ஞாபகம் வருது. ஐப்பசிக்குள்ள ட்ரெயிலர்த் தண்ணிக் குழாய் எல்லாத்தையும் வடிச்சு, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் 8 லீற்றர் மட்டில ஏத்தவேணும். சுடுதண்ணித் தாங்கிக்குப் போற வழியை முதல் அடைக்காட்டி அவ்வளவும் அதுக்குள்ள போயிடும். ஒரு முழங்கைக் குழாயில தண்ணி தங்கினாலும் உறைஞ்சு விரிஞ்சு வெடிச்சிடும், ஆனால் பனி உருகி வைகாசியில தண்ணி விட்டாப் பிறகுதான் தெரிய வரும். போன மாசம் நாங்கள் கழுவினது 110 லீற்றர் தாங்கிக்கு 120 மில்லிலீற்றர் குளோரின் விட்டு, குழாயெல்லாம் ஓடவிட்டு, ஒரு இரவு வைச்சு, மணம் போகுமட்டும் அலசி. கிணறு இறைச்ச மாதிரி வேலை.

ட்ரெயிலர் புதிசில்லை, 2009ஆம் ஆண்டுப் பெட்டி. ஆனால் கூரை ஒழுகாது. ட்ரெயிலரைக் கொல்லுறது ஓட்டமில்லை, மழைத்தண்ணிதான். கூரை மூட்டில மயிர் அளவு வெடிப்பு வந்தாலும் உள்ளுக்கிருக்கிற மரச்சட்டம் சத்தமில்லாமல் உக்கிப்போகும். வருசத்தில ரெண்டு தரம் ஏணி வைச்சு ஏறி மூட்டெல்லாம் பார்த்துப் பசை பூசுறம்.

பிளேனில போனால் என்ன எண்டு கேட்டனீங்கள். நாயளை விட்டிட்டுப் போக ஆளில்லை, அதுதான் காரணம். இவருக்கும் நீண்ட லீவு. சித்திரையிலயிருந்து வீட்டிலதான் நிக்கிறார், நல்ல ஓய்வு. மகள் வான்கூவருக்கு வேலைக்குப் போனாப் பிறகு வீடு அமைதியாய் இருக்கு. வீமனும் கறுப்பியும் நிக்கிறபடியால் எங்களுக்கு ஒரு குறையுமில்லை. ஓம், அப்பா வளர்த்த வீமன்ர பேர்தான்.

இஞ்சயிருந்து வின்னிபெக் 2,100 கிலோமீற்றர் மட்டில. திருகோணமலையிலயிருந்து கொழும்புக்கு நாலு தரம் போய் வாற தூரம். நாளைக்கு 300க்கு மேல ஓடமாட்டம், பின்னேரம் மூண்டு மணிக்கு முதல் தரிச்சிடுவம். பொழுது சரிஞ்சால் மூஸ் எண்ட பெரிய மான் றோட்டில ஏறும். கோட்டைக்குள்ள நிக்கிற எங்கட புள்ளிமான் மாதிரியில்லை, எருமையளவு. கால் நீளம், அடிபட்டால் உடம்பு முன் கண்ணாடிக்குள்ளால வரும். சூ செயின்ற் மரீயிலயிருந்து வாவா வரைக்கும் 225 கிலோமீற்றர், காடும் ஏரியும்தான். இழுத்துக்கொண்டு போகேக்க எண்ணெய் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு குடிக்கும், அதால பாதித் தாங்கியிலயே நிரப்பிறது. நிப்பிகன் எண்ட இடத்தில ஒரு பாலம். கனடாவின்ர கிழக்கையும் மேற்கையும் றோட்டால இணைக்கிறது அந்த ஒண்டுதான். 2016 தையில போல்ற்றுகள் உடைஞ்சு அதின்ர தளம் ஒரு பக்கம் கிளம்பி றோட்டு மூடுப்பட்டது. 2009இல கிண்ணியாப் பாலம் திறக்க முதல், பாதை எண்ட மிதவை ஓடாத நாளில அங்கால நிண்ட சனத்தை நினைச்சுப் பார்த்தன்.

நாயள் ஓடுற ட்ரெயிலருக்குள்ள இருக்கிறேல்லை. ஆக்களும் இருக்கக்கூடாது, அது சட்டம். பின் சீற்றில நெஞ்சுப் பட்டி போட்டுக் கொழுவியிருக்கும். வெளிக்கிட மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் கொஞ்சமாய்ச் சாப்பாடு, வயிறு நிரம்பக் குடுத்தால் சத்தி எடுக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறக்கி நடத்திறது. ஒன்ராறியோப் பூங்காக்களில கயிறு 2 மீற்றருக்குக் கூடக்கூடாது. பின்னேரம் விரலால மயிரைக் கோதி உண்ணி பார்க்கவேணும், காதுக்குப் பின்னால, கால்விரல் இடுக்கில, வாலடியில. கெனோரா பக்கம் ஈரமண்ணில, உக்கின இலையில ஒருவகைப் பூஞ்சணம் இருக்கு, நாயள் மணந்து மணந்து கிண்டினால் சுவாசப்பைக்குள்ள போயிடும். இருமலும் சோர்வும் வந்தால் தாமதிக்காமல், எங்க போய் வந்தது எண்டு மிருக வைத்தியருக்குச் சொல்லவேணும். சோறும் அவிச்ச மீனும் முள்ளெடுத்துக் குடுப்பன். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி குடுக்கமாட்டன், அது நாயளின்ர இரத்தத்தைக் கெடுக்கும். மச்சாளும் அங்க கேற்றடியில நிக்கிறதுகளுக்குக் கறிச்சட்டி வழிச்சுப் போடுறவ, வெங்காயத்தை ஒதுக்கச் சொல்லுங்கோ.

தரிச்ச இடத்தில முதல் வேலை மட்டம் பார்க்கிறது. இடம் வலம் சரியாகப் பலகையில சில்லை ஏத்தி, கட்டை வைச்சு, அதுக்குப் பிறகுதான் வாகனத்தைக் கழட்டிறது. கட்டை வைக்காமல் கழட்டினால் ட்ரெயிலர் உருண்டிடும். காஸில ஓடுற பிரிஜ் சரிவில நிண்டால் உள்ளுக்கு அமோனியா ஓடாமல் தங்கி, பிரிஜே பழுதாப்போகும். கரண்ட் 30 அம்பியர்தான். கேத்திலும் மைக்ரோவேவும் ஏசியும் ஒண்டாய்ப் போட்டால் விழுந்திடும். கழிவுத்தாங்கி திறக்கேக்க கக்கூசுத் தாங்கி முதல், பிறகு குளிச்ச தண்ணி, அது வந்து குழாயைக் கழுவிவிடும். கக்கூசுத் தாங்கி முக்கால்வாசி நிரம்புமட்டும் திறக்கக்கூடாது, தண்ணி மட்டும் ஓடி மிச்சம் குவிஞ்சிடும்.

ஒன்பது கிலோ காஸ் சிலிண்டர் ரெண்டு இருக்கு. அங்க உங்கட பன்னிரண்டரைக் கிலோவைவிடச் சின்னன், எண்டாலும் காணும். புட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும் நடக்கும். கருவாடு பொரிக்க ஏலாது. மணத்துக்குக் கரடி வரும். நாயின்ர கோப்பையைக்கூட இரவில வெளியில வைக்கக்கூடாது.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் சுப்பீரியர் ஏரிக்கரையில நிப்பம், அகாவா எண்ட இடம். மூண்டு இரவு பிடிச்சிருக்கு. எங்கட முழு இலங்கையும் 65,610 சதுர கிலோமீற்றர், அந்த ஏரி 82,000. அக்கரை தெரியாது. அலை அடிக்கிற சத்தம் அச்சாய் உப்புவெளிக் கடல்தான். போன முறை இரவு ட்ரெயிலருக்குள்ள படுத்திருந்து, அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு மீன் பையோட படலை திறக்கிறார் எண்டு நினைச்சு எழும்பி இருந்திட்டன் அண்ணா. விடிய இறங்கிப்போய்க் கையில அள்ளி வாயில வைச்சன். உப்பில்லை. மணமும் இல்லை. அந்தத் தண்ணியைத் துப்ப மனம் வரேல்லை. நீங்கள் கோணேசர் கோயிலடியில தீர்த்தமாடி அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கேக்க என்ர பேரையும் சொல்லுங்கோ. நான் அண்டைக்கு விரதம். இந்த வருசமும் வர ஏலாமல் போச்சு, அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை, நீங்கள்தான் சொல்லவேணும்.

சரி, வீட்டு அலுவல். அம்மாட கண் ஒப்பிரேசனைப் பின்போடாதேங்கோ. கச்சான் காத்துப் புழுதி அடங்கட்டும் எண்டு அவ சொல்லுவா, கேளாதேங்கோ. முகட்டு ஓட்டுக்கு நீங்கள் கேட்ட காசில ஒரு பகுதி ஆவணிக்குள்ள அனுப்பிறன், மிச்சம் தை பிறக்க. அதுக்கிடையில மாரி வந்திடும், குசினிப் பக்கத்தை மட்டும் முதல் மாத்துங்கோ, மற்றப் பக்கத்துக்குத் தறப்பாள் கட்டலாம். என்ர சங்கிலி அம்மாட பெட்டியில இருக்கு. தேவையெண்டால் அதை அடைவு வையுங்கோ, இவருக்குச் சொல்லவேண்டாம்.

சாம்பல்தீவுக் காணிக்கு, எனக்குப் பதிலாய் நீங்கள் கையெழுத்துப் போட, அற்றோனித் தத்துவம் உங்கட பேரில எழுதி, இஞ்ச இலங்கைத் தூதரக அலுவலகத்தில உறுதிப்படுத்தி அனுப்பிறன். அதுக்கு உறுதி இலக்கமும் அடையாள அட்டையில இருக்கிறபடி உங்கட முழுப்பேரும் எழுத்துப் பிழையில்லாமல் வேணும். குஞ்சுவின்ர கையெழுத்தையும் வின்னிபெக்கில வாங்கிக்கொண்டு வந்திடுவன், இந்தப் பயணத்தின்ர பெரிய வேலையே அதுதான். வடக்கு வேலியைப் பக்கத்துக்காரர் நகர்த்தினதாய்ச் சின்னண்ணா சொன்னவர். ஆளோட கதைக்க முதல் பழைய பிளானைப் பார்த்து அளந்து, அளவை யூலை 18க்கு முன்னம் போனில சொல்லுங்கோ. பிறகு வழியில கன இடத்தில சிக்னல் இராது.

அம்மாவுக்கு என்ர முத்தம். வீமனும் கறுப்பியும் நிக்கிற படம் ஒண்டு வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
உங்கட அன்புத் தங்கச்சி