ஒத்திகை கணினியில் நடக்கட்டும்

சென்னைச் சாலைச் சந்திப்புகளைத் திருத்தியமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். “சோதனை அடிப்படையில் போக்குவரத்து மாற்றம், வாகன ஓட்டிகள் ஒத்துழைக்க வேண்டும்” என்ற அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். சோதனைக்கு உள்ளாவது சாலையா, நாங்களா? நான்கு இரும்புத் தடுப்புகளைக் கயிற்றால் கட்டித் திரும்பும் வழியை அடைத்துவிட்டு ஒரு வாரம் பார்ப்பது மலிவான முறைதான். அந்த வாரத்தில் நாங்கள் எரிக்கும் பெட்ரோல் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

முதலில் கணினியில் ஒத்திகை பாருங்கள். இது புதிய வித்தையும் அல்ல. 1992இல் கை நாகல், மிக்கேல் ஷ்ரெக்கன்பெர்க் என்ற இரண்டு ஜெர்மன் இயற்பியலாளர்கள் கணினிக்குள் ஒரு சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தாயக்கட்டத்தில் காய் நகர்த்துவதுபோல வண்டிகளை நகர்த்தினார்கள். ஓட்டுநர் அவ்வப்போது காரணமில்லாமல் சற்று வேகம் குறைப்பார் என்பது அதில் ஒரு விதி. விபத்தோ சிக்னலோ இல்லாமலே நெரிசல் முளைத்தது. ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்ன சோதனையிலும் (முடிவு 2008இல் வெளியானது) அதேதான் நடந்தது.

செலவைக் காரணம் சொல்ல முடியாது. சாலைப் போக்குவரத்தைத் திரையில் ஓட்டிப் பார்க்க ஜெர்மன் விண்வெளி மையம் 2001 முதல் வெளியிட்டுவரும் ‘சுமோ’ மென்பொருள் இலவசம். ஆனால் அதை அப்படியே ஓட்டினால் ஜெர்மனியின் சாலைதான் திரையில் ஓடும். அதில் ஒரு காரின் நீளம் 5 மீட்டர், முன்வண்டியிலிருந்து விடும் இடைவெளி 2.5 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த இரண்டரை மீட்டரில் இரண்டு ஸ்கூட்டர்கள் குறுக்கே நுழைந்துவிடும், ஓர் ஆட்டோவின் முன்சக்கரமும் எட்டிப் பார்க்கும். சிவப்பு விளக்கு எரியும்போது இருசக்கர வண்டிகள் இடுக்குகளில் கசிந்து முன்வரிசைக்கு வந்துவிடும். ஷேர் ஆட்டோ, கை நீட்டிய இடத்தில் நிற்கும். மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு தடமே ஒதுங்குமிடமாகிவிடும். இவை இல்லாத ஒத்திகை யாருக்கு? தடத்தை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து வண்டிகளைப் பக்கவாட்டில் நகரவிடும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. நாளை நடக்கப்போவதைச் சொல்லும் முன், சென்ற திங்கட்கிழமை காலை நடந்ததை உங்கள் கணினி திருப்பிச் சொல்லட்டும். சாலையில் சிக்னலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை வரிசை நின்றது, திரையில் பாதி தூரம்தான் நிற்கிறது என்றால், அந்தக் கணிப்பை நம்பித் தடுப்பை நகர்த்தாதீர்கள். எந்த நாளில், எந்த மணிநேரத்தில் வண்டிகளை எண்ணினீர்கள், சாலையைக் கடக்கும் பாதசாரிகளைச் சேர்த்தீர்களா என்பதை அறிவிப்போடு வெளியிடுங்கள். ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறீர்கள் என்றால் எங்களுக்கும் காட்டுங்கள்.

எண்ணுவதற்கு ஆள் போதவில்லையா? காலை எட்டரைக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறேன். எப்படியும் அந்த நேரத்தில் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
எதிர்ப்புறம் இருக்கும் அலுவலகத்துக்கு இரண்டு யு-டர்ன் எடுத்துப் போகும் ஒருவன்