ஆத்தாவை நர்ஸ் பொறுப்பில் விட்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு, செட்டிநாட்டு வீட்டில் பெற்றோருக்கு ஹோம் நர்ஸ் வைத்திருக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, நர்சிங் சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். காரைக்குடியில் குடியிருக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர்ப் பக்கம் வீடுகளில் தங்கி வேலை பார்க்கும் சிஸ்டர்கள் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மருந்தைப் பற்றிய சந்தேகம் என்றால் சொல்லிக் கொடுத்துவிடுவேன். ஆனால் பாதி நேரம் கேட்பது வேறு: "அண்ணன் போன்ல இப்படிச் செய்யச் சொல்றாங்க, செய்யலாமாக்கா?" இதற்கான பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் என்னைக் கேட்கவே வேண்டியிருக்காது.

"ஆத்தா ராத்திரியெல்லாம் தூங்காமக் கூப்பாடு போடுறாங்களாமே, அந்த மாத்திரைய ரெண்டாக் குடுத்துடும்மா." இது நீங்கள் சொல்வது. டாக்டர் எழுதியது அரை மாத்திரை. எண்பது தாண்டிய உடம்பில் தூக்க மருந்தின் மயக்கம் சீக்கிரம் தெளியாது. விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்தால் கால் தடுமாறும். வழவழவென்று கிடக்கும் ஆத்தங்குடிக்கல் தரையில் விழுந்தால் இடுப்பெலும்புதான் முதலில் போகும். அப்போது டாக்டர் கேட்பதும், பிறகு போலீஸ் கேட்பதும் "மாத்திரை கொடுத்தது யார்?" என்றுதான். உங்கள் வாட்ஸ்அப் குரல் மருந்துச்சீட்டு ஆகாது. மருத்துவமனையில் டாக்டரே போனில் சொன்னாலும் நாங்கள் எழுதி, அவருக்குத் திரும்பப் படித்துக்காட்டி, வந்ததும் கையெழுத்து வாங்குவோம்.

சட்டம் இப்போது இன்னும் கடுமை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில், கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது 5 ஆண்டு. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவுபெற்ற டாக்டரால் நேர்ந்தால் மட்டும் 2 ஆண்டு. அந்தச் சலுகைக்கான விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் அதில் வரவில்லை. ஒரே கட்டிலருகே நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு அளவுகோல். இது டெல்லியோடு எனக்குள்ள பிணக்கு, உங்களோடு இல்லை. ஆனால் "ரெண்டாக் குடு" என்று சொல்லும்போது அந்தப் பெண் தலையில் எதை ஏற்றுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்சுலினில் இதைவிட ஆபத்து இருக்கிறது. ஊருக்கு வரும்போது பாசமாக இன்சுலின் பேனா வாங்கி வருகிறீர்கள். அதில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 யூனிட். நம்மூர் மருந்துக்கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40. அதற்கான சிரிஞ்சு சிவப்பு மூடி போட்டது. பேனாவின் ஊசி தீர்ந்துபோகிறது, ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு. "அந்தச் சிரிஞ்சாலேயே உறிஞ்சிப் போட்டுடு" என்று போனில் யோசனை வருகிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை பேனா மருந்தை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை அடியோடு இறங்கி வேர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும், நினைவு போகும். "தூங்குறாங்க" என்று நினைத்து விட்டுவிட்டால் அவ்வளவுதான். முடியாது என்று சொன்ன சிஸ்டரைத் திமிர் பிடித்தவள் என்று மாற்றிய வீடு எனக்குத் தெரியும்.

அடுத்து, உங்கள் வீட்டில் இருப்பவர் நர்ஸ்தானா? நர்ஸ் படிப்புகளில் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) இரண்டு வருடம், ஜி.என்.எம். (பொதுச் செவிலியர் பட்டயம்) மூன்று, பி.எஸ்சி. நர்சிங் நான்கு. படித்து முடித்து, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பல இடங்களில் வருவது சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை; குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் எங்களைவிட நன்றாகவே செய்வார்கள். ஊசி போடுவதும் மூக்குக்குழாய் மாற்றுவதும் அவர்கள் வேலை இல்லை. டைபாய்டில் படுத்த ஒரு குழந்தைக்குத் தகுதியில்லாத நர்ஸ் தவறான மருந்தை நரம்பில் ஏற்றி, மூளை பாதித்த வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையையும் பொறுப்பாளி என்றது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு. சம்பளம் குறைவு என்று ஆள் எடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். கணக்குப் பார்ப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆச்சி மாத்திரை வேண்டாம் என்கிறார். "கஞ்சியில பொடிச்சுக் கலந்துடு" என்கிறீர்கள். மெல்ல மெல்லக் கரையவேண்டிய மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். அது இருக்கட்டும். அறிவு தெளிவாக இருக்கிற ஒருவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. வயதுவந்த மகளின் அறுவைக்குத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்க்காக மகன் கொடுக்கும் சம்மதம் மட்டும் எப்படிச் செல்லும்? ஞாபகமறதி முற்றிய அப்பச்சி (அப்பா) என்றால் கதை வேறு. அதையும் டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை மயக்கத்தில் இருப்பவரின் பெருவிரலைப் பத்திரத்தில் பதிப்பதற்குச் சிஸ்டரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். வீட்டுப் பங்கு உங்கள் பாடு. படுக்கையறைக் கேமரா பற்றியும் ஒரு வார்த்தை: டயப்பர் மாற்றும்போது ஆச்சி சேலையை இழுத்து மூடிக்கொண்டு மேலே பார்ப்பதை என்னிடம் ஒன்றுக்கு மேற்பட்ட சிஸ்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். வளவில் (நடு முற்றத்தில்) வையுங்கள், அறைக்குள் வேண்டாம்.

"ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டுபோக வேணாம், ஆத்தாவுக்குப் பிடிக்காது." இதையும் நர்ஸ் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுவதுதான் அவர் கடமை. உயிர்காக்கும் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-லேயே உச்ச நீதிமன்றம் வழி செய்திருக்கிறது. 2023-இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் உறுதிசெய்தால் போதும் என்றார்கள். ஆத்தா தெளிவாக இருக்கும்போதே அவரே உட்கார்ந்து செய்யவேண்டிய காரியம் அது.

அடுத்த முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போது ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் டாக்டர் பெயர், அவர் எண், இப்போதைய மருந்துகளும் அளவும், அவர் கையெழுத்தோடு. அதற்குக் கீழே, அவசரத்தில் சிஸ்டர் கூப்பிடவேண்டிய ஒரே ஒரு பிள்ளையின் பெயர். அது யார் என்று அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துவரவில்லை என்றால் முகப்பில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், காரைக்குடி