காலை 10 மணிக்கு வரச் சொல்லும் அதிகாரிகளுக்கு, வால்பாறையிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கோவையில் இருந்துகொண்டு எங்களுக்கு நேரம் குறிக்கும் உங்களுக்கு வணக்கம். போன மாதம் என் அம்மாவுக்கு உங்கள் கடிதம் வந்தது: "காலை 10 மணிக்கு அசல் ஆவணங்களுடன் நேரில் வரவும்." எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வயது 68.

வால்பாறை எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். கோடையில் குடும்பத்தோடு வந்திருப்பீர்கள். பொள்ளாச்சிக்கே 64 கிலோமீட்டர். அதில் ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம்தான் கோவை.

அன்று விடியுமுன் கிளம்பினோம். யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேயிலைக்குள் அது எந்தப் பக்கம் நிற்கிறதென்று தெரியாமல் யார் இறங்கி நடப்பது? வெளிச்சம் வரும்வரை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலிலேயே நின்றோம். முதல் பேருந்து போய்விட்டது. அடுத்ததில் ஏறி 40, 39, 38 என்று இறங்க இறங்க, அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அணை தெரிய எல்லோரும் நின்று படம் எடுப்பார்களே, அந்த 9-ஆவது வளைவு வருவதற்குள் கையிலிருந்த இரண்டாவது பையும் நிறைந்துவிட்டது.

உங்கள் வாசலை மிதித்தபோது 11.20. "ஒரே மாவட்டம்தானே, கொஞ்சம் முன்னாடி கிளம்பக் கூடாதா?" என்றார் மேசையில் இருந்தவர். வேறு தேதி எழுதிக் கொடுத்தார். அதுவும் காலை 10 மணிதான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வால்பாறைக்காரர்களுக்கு மதியம் 2 மணிக்கு மேல் நேரம் கொடுங்கள்.

வரைபடத்தில் மூணாறு பக்கத்தில்தான் இருக்கிறது. போக வேண்டுமென்றால் மலையிறங்கி, உடுமலை சுற்றி, மறுபடி மலையேற வேண்டும். மளுக்கப்பாறை வழியே கேரளத்துச் சாலக்குடி போகலாம், ஆனால் பொழுது சாய்ந்தால் சோதனைச்சாவடி மூடிவிடும். சோலையாற்றுத் தண்ணீருக்கு மட்டும் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவுகூடத் திரும்பாமல், வாந்தியும் எடுக்காமல், அது சமவெளிக்கு வந்துவிடுகிறது. கொடுத்து வைத்த தண்ணீர்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். அம்மாவின் அடுத்த கடிதத்தில் 10 என்பதை 2 என்று திருத்தி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போதே எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிலாளி ஒருவரின் மகன்,
வால்பாறை