மின்தேக்கியில் செங்குத்துக் கிராஃபீன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் ஒரு கிராமுக்குச் சுமார் 2,630 சதுர மீட்டர் பரப்பு உண்டு என்பதால் அது மின்சேமிப்பையே மாற்றிவிடும் என்று தங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை கூறியிருந்தது. கோட்பாட்டளவில் அந்த எண் சரியே; மின்தேக்கியில் மின்னூட்டம் மின்முனையின் பரப்பில்தான் தேங்குகிறது. ஆயினும், தூளாக்கி மின்முனையில் பூசும்போது தாள்கள் அடுக்கிய அப்பளம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்பரப்பின் பெரும்பகுதி பயன்படாமல் போகிறது என்பதையும், தாள்களைச் செங்குத்தாக வளர்த்து இதைத் தவிர்க்க முடியும் என்பதையும் கட்டுரை தொடவே இல்லை.

மீத்தேன் போன்ற வாயுவைப் பிளாஸ்மாவில் (அயனியாக்கப்பட்ட வாயுவில்) சிதைத்துச் சூடான உலோகத் தகட்டின்மேல் கார்பனைப் படியவிட்டால், முதலில் மெல்லிய கிராஃபைட் படலம் கிடையாகப் படிந்து, பின்னர் அதிலிருந்து தாள்கள் மேல்நோக்கி எழுகின்றன. இதற்கு வினையூக்கி தேவையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைக் கார்பன் நானோசுவர்கள் என்ற பெயரில் 2002இலேயே விவரித்துவிட்டனர். மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் கிராஃபீனைத் தனியே பிரித்துக் காட்டியதோ 2004இல்தான். நம் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தாள்கள் குறித்து ஆய்வுகள் நடந்துள்ளன.

நிற்கும் தாள்களின் இடைவெளிகள் மேற்புறம் திறந்தே இருப்பதால், மின்முனையைச் சூழ்ந்த கரைசலில் உள்ள மின்னூட்டத் துகள்களான அயனிகள் வளைந்து நெளிந்த துளைகளில் சிக்காமல் விரைந்து சென்று திரும்புகின்றன. இதன் பயனை ஜான் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினர்: வழக்கமான சூப்பர் கெப்பாசிட்டரின் (இவ்வாறு அயனிகளால் மின்னூட்டத்தைத் தேக்கும் மின்தேக்கியின்) நேர மாறிலி, அதாவது மின்னூட்டம் ஏறி இறங்கும் வேகத்தைக் காட்டும் நேர அளவு, ஏறத்தாழ ஒரு நொடியாக இருக்க, அவர்களின் செங்குத்துக் கிராஃபீன் மின்தேக்கியினுடையது 200 மைக்ரோநொடிக்கும் குறைவு. எனவே, மாறுமின்னோட்டத்தை நேராக்கியபின் எஞ்சும் 120 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்தை, நம் நாட்டில் என்றால் 100 ஹெர்ட்ஸை, அதனால் சமன்செய்ய முடியும். இன்று அவ்வேலையைச் செய்வது, மின்சுற்றுப் பலகையில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு வெப்பத்தில் உலர்ந்துபோகும் அலுமினிய மின்தேக்கி.



ஆனால், நீர்க்கரைசல் மின்பகுளியில் (அயனிகளுள்ள கரைசலில்) ஒரு கலம், அதாவது தனி மின்தேக்கி அலகு, தாங்குவது ஏறத்தாழ ஒரு வோல்ட் மட்டுமே. 230 வோல்ட் இணைப்பை நேராக்கினால் உச்ச அளவு 325 வோல்ட். அத்தனை கலங்களைத் தொடராக இணைத்தால் மொத்தத் தேக்குதிறன் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன்) அதே விகிதத்தில் சரிந்துவிடும். தாள்களின் உயரமும் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டரே என்பதால், கைபேசி பேட்டரிக்கு இது மாற்று என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளில் இனி ஒரு கிராமுக்கு எவ்வளவு என்பதோடு நில்லாமல், மின்முனையின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு தேக்குதிறன், எந்த அதிர்வெண்ணில் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் விரிவுரையாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.